கதையை எடுத்தார்கள், முகத்தை விட்டார்கள்

ஜப்பானியக் கதைகளுக்கு வெள்ளை முகம் பூசிய ஹாலிவுட்டைப் பார்த்து நமக்குக் கோபம் வருகிறது. அரியலூர் எல்லையில் முடிந்த ஒரு வாழ்க்கைக்குத் தமிழ் சினிமா பூசிய நிறத்தைப் பற்றி எப்போது பேசப்போகிறோம்?

1993 மார்ச் மாதம். மீன்சுருட்டி காவல் நிலைய எல்லையில் அடையாளம் தெரியாத ஓர் ஆணின் உடல் கிடந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்து ஊர் மீன்சுருட்டி. இன்று அரியலூர் மாவட்டம், அன்று திருச்சி மாவட்டம். இறந்தவர் அந்த ஊர்க்காரர் இல்லை. வடக்கே, விருத்தாசலத்தை அடுத்த முதனை கிராமத்துக்காரர். பெயர் ராசாக்கண்ணு. திருட்டு வழக்கில் விசாரணை என்று கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அடித்தே கொன்றார்கள். உடலை மாவட்ட எல்லை தாண்டிப் போட்டுவிட்டு, ஆள் தப்பி ஓடிவிட்டதாகச் சொன்னார்கள்.

அவருடைய மனைவி பார்வதி விடவில்லை. உள்ளூர் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள் துணை நின்றார்கள். வழக்கறிஞர் சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். வருடக்கணக்கில் இழுத்த வழக்கு, கடைசியில் காவலர்களுக்குச் சிறைத் தண்டனையில் முடிந்தது. எழுத்தறிவில்லாத ஏழைப் பெண் ஒருவர் காவல் துறையை நீதிமன்றத்தில் தோற்கடித்த வரலாறு இது.

2021 நவம்பர் 2ஆம் தேதி அமேசான் பிரைமில் வெளியான ‘ஜெய்பீம்’ இந்த வழக்கைத்தான் சொன்னது. த.செ.ஞானவேல் இயக்கம், சூர்யாவின் 2டி நிறுவனத் தயாரிப்பு. அந்தப் படத்தால் விளைந்த நன்மை பெரியது. சாதிச் சான்றிதழும் வீட்டுமனைப் பட்டாவும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக அலையும் இருளர் மக்களைப் பற்றி நாடே பேசியது. படம் வெளிவரும் முன்பே பழங்குடி இருளர் அறக்கட்டளைக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தார் சூர்யா. இவற்றை மறைத்துவிட்டு அந்தப் படத்தை விமர்சிப்பது நேர்மையாகாது.

ஆனால் நிஜ ராசாக்கண்ணு இருளர் இல்லை. குறவர்.

மாறிய பெயர்கள், மாறாத பெயர்கள்

சாதியை மாற்றியதில் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். ராசாக்கண்ணு வீட்டுக்குக் காவலர்கள் வந்ததற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1871இல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. பிறப்பாலேயே திருடர்கள் என்று அந்தச் சட்டம் பட்டியலிட்ட சமூகங்களில் குறவர்களும் உண்டு. விடுதலைக்குப் பிறகு சட்டம் போனது. எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் அவர்கள் குடிசைக் கதவைத் தட்டும் வழக்கம் போகவில்லை. அந்த வழக்கம்தான் ராசாக்கண்ணுவைக் கொன்றது. அந்த வரலாறு படத்தில் இன்னொரு சமூகத்தின் கணக்கில் எழுதப்பட்டது.

படத்தின் முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். சிறை வாசலில், விடுதலையாகி வெளியே வருகிறவர்களை நிறுத்தி என்ன சாதி என்று கேட்கிறார்கள். பதிலைக் கேட்டதும் சிலரை வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். சிலரை ஓரமாக நிற்கவைக்கிறார்கள். துப்புக் கிடைக்காத வழக்குகளில் சேர்ப்பதற்கு ஆள் வேண்டும் என்று காவல் நிலையங்கள் அவர்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரே ஒரு சொல்லில் ஒருவனுடைய தலையெழுத்து முடிவாகிறது. தமிழில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த தொடக்கக் காட்சிகளில் ஒன்று அது. அந்த ஒரு சொல்லின் கனத்தை அவ்வளவு துல்லியமாக உணர்ந்த படம், கொல்லப்பட்டவரின் விஷயத்தில் அதே சொல்லை மாற்றியிருக்கக் கூடாது.

யார் யாருக்குச் சொந்தப் பெயர் கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். வழக்கறிஞர் சந்துரு, சந்துருவாகவே வந்தார். விசாரணை நடத்திய ஐ.ஜி. பெருமாள்சாமி, பெருமாள்சாமியாகவே வந்தார். இறந்தவருக்கும் சொந்தப் பெயர் இருந்தது. வழக்கைத் தோளில் சுமந்த பார்வதி மட்டும் ‘செங்கேணி’ ஆனார். உடல் கிடந்த இடமும் மாறியது. மீன்சுருட்டி புதுச்சேரி எல்லை ஆனது. அரியலூர் மண் கதையிலிருந்தே காணாமல்போனது. படம் வெளிவந்து, பார்வதி சென்னையில் வறுமையில் வாழ்வதைப் பற்றிப் பொதுவெளியில் பேச்சு எழுந்த பிறகு அவர் பெயரில் வங்கியில் வைப்புத்தொகை போடப்பட்டது. அது நல்ல செயல். கதையை எடுத்த அன்றே அவருக்குச் சேர வேண்டியிருந்த பங்கு அது.

படம் வந்ததும் தமிழ்நாட்டில் பெரிய சண்டை மூண்டது. கொடுமை செய்யும் காவலரின் வீட்டுச் சுவரில் தொங்கிய, வன்னியர் அடையாளமான அக்கினிக் கலசக் காலண்டரைப் பற்றிய சண்டை அது. நிஜத்தில் அந்த அதிகாரி அந்தச் சமூகத்தவர் இல்லையே என்று வன்னியர் அமைப்புகள் கேட்டதில் நியாயம் இருந்தது. காலண்டர் படம் மாற்றப்பட்டது. ஆனால் அடித்தவரின் சாதியைப் பற்றி மாநிலமே பேசிக்கொண்டிருந்தபோது, அடிபட்டுச் செத்தவரின் சாதி ஏன் மாறியது என்று குறவர் சமூகத்திலிருந்து எழுந்த கேள்வி ஓரத்திலேயே நின்றுவிட்டது. ஒரு சமூகத்துக்கு இருந்த குரல் இன்னொரு சமூகத்துக்கு இல்லை.

ஹாலிவுட்டும் ஜப்பானும்

இந்தச் சிக்கலை உலகம் அதிகமாகப் பேசியது ஜப்பானியக் கதைகளை வைத்துத்தான். மசமுனே ஷிரோ வரைந்த ‘கோஸ்ட் இன் த ஷெல்’ காமிக்ஸ், மமோரு ஒஷீயின் இயக்கத்தில் 1995இல் அனிமேஷன் படமாகி உலகப் புகழ் பெற்றது. அதன் நாயகி மேஜர் மோட்டோகோ குசனாகி. 2017இல் ஹாலிவுட் அதே கதையை எடுத்தபோது மேஜராக வந்தவர் ஸ்கார்லெட் ஜோஹான்சன். அந்த வெள்ளை உடலுக்குள் இருப்பது மோட்டோகோ என்ற ஜப்பானியப் பெண்ணின் மனம் என்று கதை பிற்பாதியில் சொன்னது. கதைக்கு வெளியே நடந்ததைக் கதைக்குள்ளும் எழுதிவைத்தது போல ஆயிற்று. படம் வசூலிலும் தோற்றது.

அதே ஆண்டு நெட்ஃபிளிக்ஸ் எடுத்த ‘டெத் நோட்’டில் லைட் யாகமி, சியாட்டில் நகரத்து லைட் டர்னர் ஆனான். 2009இல் ‘டிராகன்பால்’ நாயகன் கோகுவாக ஒரு வெள்ளை இளைஞர் வந்தார். ஹிரோஷி சகுராசாகாவின் நாவலில் கெய்ஜி கிரியா என்ற ஜப்பானியப் போர்வீரனாக இருந்தவர், 2014இல் ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’வில் டாம் குரூஸ் ஆனார். அதற்கும் முன்பு, 1961இல் வந்த ‘பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபானிஸ்’ படத்தில் மிக்கி ரூனி போலிப் பல்லும் இழுத்த கண்ணுமாக ஒரு ஜப்பானியரைக் கோமாளியாக்கிக் காட்டியதை அமெரிக்காவே இன்று வெட்கத்தோடுதான் நினைத்துப் பார்க்கிறது.

இந்த விவாதத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஸ்கார்லெட் ஜோஹான்சன் நடித்ததில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒஷீயே சொன்னார். ஜப்பானில் பெரிய எதிர்ப்பு கிளம்பவில்லை. கொதித்தவர்கள் அமெரிக்காவில் வாழும் ஆசிய வம்சாவளியினர். காரணம் எளிது. ஜப்பானில் இருப்பவருக்கு ஜப்பானிய சினிமா இருக்கிறது. அங்கே மோட்டோகோவாக நடிக்க ஆயிரம் பெண்கள் உண்டு. அவர்கள் முகத்தைக் காட்ட அவர்களுக்கென்றே ஒரு திரை உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து வளர்ந்த ஜப்பானிய-அமெரிக்க நடிகைக்கு இருப்பது ஹாலிவுட் மட்டும்தான். அவருக்கென்றே எழுதியது போன்ற ஒரு பாத்திரம் வந்தபோதும் அது வேறொருவருக்குப் போனது.

ஆக, கதை எந்த நாட்டில் பிறந்தது என்பதைவிட, படம் எடுக்கப்படும் இடத்தில் வேறு திரையே இல்லாதவர் யார் என்பதுதான் முக்கியம். முகம் பறிபோகும் வலி அவருக்குத்தான்.

1954இல் வந்த அகிரா குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’, 1960இல் ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ என்ற கௌபாய் படமானது. முறையாக எடுக்கப்பட்ட மறுஆக்கம். ஆனால் கதை மெக்சிகோ கிராமத்துக்குப் போனபோது, கொள்ளைக்காரத் தலைவனாக வந்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஈலை வாலக். வீரம் காட்டும் மெக்சிகோ இளைஞனாக வந்தவர் ஜெர்மனியின் ஹோர்ஸ்ட் புக்ஹோல்ஸ். ஜப்பானியரிடம் வாங்கிய கதையில் முகம் இழந்தவர்கள் மெக்சிகோக்காரர்கள்.

நாம் செய்தது

அமெரிக்காவைக் குற்றம் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. 2008இல் வந்த ‘தசாவதாரம்’ படத்தில் கமல்ஹாசன் பத்து வேடங்களில் வந்தார். அவற்றில் ஒன்று, தங்கையின் சாவுக்கு நியாயம் தேடி வரும் ஜப்பானியத் தற்காப்புக் கலைஞர் ஷிங்கென் நரஹாஷி. இன்னொன்று, மணல் கொள்ளையை எதிர்க்கும் தலித் போராளி வின்சென்ட் பூவராகன். முதல் முகத்துக்கு ரப்பர் ஒட்டிக் கண்ணைச் சிறுத்தார்கள். இரண்டாவது முகத்துக்குக் கறுப்புப் பூசினார்கள். இரண்டு பாத்திரங்களும் மரியாதையோடு எழுதப்பட்டவை. அந்த உழைப்பும் அசாத்தியமானது. ஆனாலும் ஒரே படத்தில், ஒரே ஒப்பனை மேசையில், ஜப்பானியரும் தலித்தும் ஒட்டி எடுக்கக்கூடிய முகங்களாக இருந்தார்கள். நரஹாஷிக்கு ஜப்பானில் வேறு திரை இருக்கிறது. பூவராகனுக்கு எங்கே இருக்கிறது?

அதற்கு ஓராண்டு முன்பு வந்த ‘சிவாஜி’யில் ரஜினிகாந்தை ஒரு பாடல் முழுக்க வெள்ளைக்காரராக்கினார்கள். வெள்ளைக்காரப் பெண் ஒருவரைப் படம் பிடித்து, அவருடைய தோல் நிறத்தைக் கணினியில் ரஜினியின் மேல் பொருத்தினார்கள். ஆயிரக்கணக்கான ஃபிரேம்களில் நடந்த நுணுக்கமான வேலை அது. சிறந்த கிராஃபிக்ஸுக்கான தேசிய விருதும் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. நாயகியின் மனதைப் பிடிக்க நாயகன் நிறம் மாற வேண்டும் என்பது கதை. தமிழர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் கறுப்பு நிறத்துச் சூப்பர் ஸ்டாருக்கே அந்தக் கதி. அதே படத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரைக் கரேலென்று ஒப்பனை செய்து, அவர்களைப் பார்த்தாலே நாயகன் ஓடுவதாக நகைச்சுவை வைத்தார்கள். அவர்களுக்கு வைத்த பெயர் அங்கவை, சங்கவை. பாரி மகளிரின் பெயர்கள். சங்கப் புலவர்களாக நாம் போற்றும் பெண்களின் பெயரை, கறுப்பாக இருப்பதற்காகச் சிரிக்கும் காட்சிக்கு எடுத்துக் கொடுத்தோம். தியேட்டர் சிரித்தது.

கேலிக்கு மட்டும்தான் கறுப்புப் பூசினார்கள் என்றில்லை. உழைக்கும் மக்களின் துயரத்தை அக்கறையோடு சொல்ல வந்த படங்களிலும் அதே கிண்ணம்தான் திறந்தது. ‘பரதேசி’யில் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பெண்கள், ‘தங்கலானி’ல் தங்கம் தோண்டப் போகும் பெண்கள், ‘ஜெய்பீமி’ல் செங்கேணி. வேற்று மாநிலத்திலிருந்தோ நகரத்திலிருந்தோ வந்த நடிகைகள் நிறத்தைக் குறைத்துக்கொண்டு நடித்தார்கள். செங்கேணியாக நடித்த லிஜோமோள் ஜோஸ் கேரளத்தவர். இருளர் குடியிருப்புகளில் தங்கிப் பழகி, அவர்களோடு வேலைக்குப் போய்க் கற்றுக்கொண்டு நடித்தார். அவர் நடிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கேள்வி அவரிடம் இல்லை, தேர்வு செய்தவர்களிடம்.

பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயக் காட்டில் களை எடுக்கிற பெண்ணையும், வெயிலில் மக்காச்சோளக் கதிர் ஒடிக்கிற பெண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒப்பனைக்காரர் மணிக்கணக்கில் உட்கார்ந்து உருவாக்கும் நிறம் அவர்களுடையது. படப்பிடிப்புக் குழு ஊருக்குள் வந்தால் அவர்களுக்குக் கிடைப்பது கூட்டத்தில் நிற்கும் வேலையும் ஒரு நாள் கூலியும். கறுப்புப் பூசிய கன்னத்துக்கு நாயகி வேடம். பிறவியிலேயே கறுத்த கன்னத்துக்குப் பின்வரிசை. நிறத்துக்காகத் தனக்கு நாயகி வாய்ப்பு மறுக்கப்பட்டதைச் சென்னையில் பிறந்து வளர்ந்த ஐஸ்வர்யா ராஜேஷே மேடையில் சொல்லியிருக்கிறார். 1975இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ கிரீமை விற்கத் தொடங்கிய நிறுவனம், 2020இல் பெயரில் இருந்த ‘ஃபேரை’ நீக்கியது. கிரீம் டப்பாவில் வந்த மாற்றம்கூட நம் நாயகி தேர்வில் இன்னும் முழுதாக வரவில்லை.

வாங்குவது தவறில்லை

கதைகள் ஊர் விட்டு ஊர் போவதுதான் இயல்பு. குரோசாவாவே ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தை 1957இல் ஜப்பானிய மண்ணுக்குக் கொண்டுவந்து ‘த்ரோன் ஆஃப் பிளட்’ எடுத்தார்; லியர் மன்னனை 1985இல் ‘ரான்’ ஆக்கினார். அகுடாகவாவின் சிறுகதைகளிலிருந்து அவர் எடுத்த ‘ராஷோமான்’ 1951இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது. ஒரே சம்பவத்தை ஆளுக்கு ஒருவிதமாகச் சொல்லும் அந்த முறை தமிழுக்கு வந்தது 1954இல், எஸ்.பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ வழியாக. பாட்டு இல்லாத தமிழ்ப்படம். சிவாஜி கணேசன் நாட்டைக் காட்டிக்கொடுப்பவராக நடித்த படம்.

பாலசந்தர் ராஷோமானை நகலெடுக்கவில்லை. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் கதையை அமைத்தார். கொலையானவன் ஜப்பானுக்கு ரகசியம் விற்ற ரேடியோ இன்ஜினீயர். ஜப்பானியப் படத்திலிருந்து கற்ற ஒரு முறையைக் கொண்டு, ஜப்பானியர்களுக்கு அஞ்சி நடுங்கிய சென்னையின் சொந்த நினைவைச் சொன்னார். கதையும் முகமும் பேச்சும் பயமும் நம்முடையவை. யாருடைய இடத்தையும் அது பறிக்கவில்லை. வாங்கிய கடனுக்கு மேல் உழைத்துத் திருப்பிக் கொடுத்த படம் ‘அந்த நாள்’.

இன்னொரு பக்கமும் உண்டு. தகேஷி கிடானோவின் ‘கிகுஜிரோ’ 1999இல் வந்தது. தாயைத் தேடிப் போகும் சிறுவனும், அவனோடு சேர்ந்துகொள்ளும் வளர்ந்த மனிதனும். 2010இல் மிஷ்கின் இயக்கி நடித்த ‘நந்தலாலா’ அதே பயணத்தில் கிளம்பியது. மனநலக் காப்பகத்திலிருந்து வெளியேறிய மனிதனை வைத்து, இளையராஜாவின் இசையோடு, தமிழ்நாட்டுச் சாலைகளில் தனக்கென ஒரு உயிரை அது உண்டாக்கிக்கொண்டது. கிடானோவுக்கு டைட்டிலில் ஏன் இடமில்லை என்று அப்போதே விமர்சகர்கள் கேட்டார்கள். ஒரு வரி நன்றி போட்டிருந்தால் படத்தின் பெருமை ஒரு துளியும் குறைந்திருக்காது.

கிடானோ போன்றவர்களுக்குச் சட்டத்தின் வழியாவது உண்டு. குரோசாவாவின் ‘யோஜிம்போ’வை அனுமதி வாங்காமல் செர்ஜியோ லியோனே 1964இல் ‘ஏ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ ஆக்கியபோது, தோஹோ நிறுவனம் வழக்குப் போட்டது. சமரசத்தில் உலக வசூலில் 15 சதவீதம் ஜப்பான் தரப்புக்கு வந்தது. எழுதப்பட்ட கதைக்குக் காப்புரிமை உண்டு. ஆனால் வாழ்ந்த வாழ்க்கைக்கு அப்படி ஒரு காப்புரிமை இல்லை. கருவுக்குக் காப்புரிமை கிடையாது, அது சொல்லப்பட்ட வடிவத்துக்குத்தான் உண்டு என்று நம் உச்ச நீதிமன்றம் 1978லேயே ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. குரோசாவா கேட்டு வாங்க முடிந்ததைப் பார்வதி கேட்டு வாங்க முடியாது. சட்டம் கைவிடும் அந்த இடத்தில் எடுப்பவரின் அறம் மட்டும்தான் மிச்சம்.

இந்த மண்ணின் பேச்சு

மதுரைக்கு ஒரு சினிமா இருக்கிறது. நெல்லைக்கும் கொங்குநாட்டுக்கும் வடசென்னைக்கும் இருக்கிறது. பெரம்பலூரும் அரியலூரும் திரையில் பெரும்பாலும் திருச்சி போகிற வழியில் கடந்துபோகும் ஊர்கள். ஆனால் இங்கே கதைக்குப் பஞ்சமில்லை. 1987 மார்ச் 15 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் வெடித்த குண்டில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து பலர் இறந்தார்கள். அந்தச் சம்பவத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட தமிழ்நாடு விடுதலைப் படையின் தமிழரசன் அதே ஆண்டு செப்டம்பரில் பொன்பரப்பியில் அடித்துக் கொல்லப்பட்டார். 2023இல் வெற்றிமாறனின் ‘விடுதலை’ ஒரு ரயில் குண்டுவெடிப்போடு தொடங்கியபோது இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு மருதையாறு நினைவுக்கு வந்தது. ஜெயமோகனின் ‘துணைவன்’ கதைக்கு உரிய பெயரைத் தந்த படம் அது; ஊரும் மலையும் கற்பனையானவை. வழக்கும் தணிக்கையும் ஊர்ப்பெயரை மாற்றச் சொல்லும் என்பது புரிகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் பெயர் மாறிப்போவது இதே போன்ற ஊர்களுக்குத்தான்.

ஒரு விஷயத்தில் ‘ஜெய்பீம்’ மற்றப் படங்களுக்கு வழிகாட்டி. முதனைப் பக்கத்துப் பேச்சைச் சரியாகக் கொண்டுவர, அந்த மண்ணின் எழுத்தாளர் கண்மணி குணசேகரனை அழைத்து வசனங்களைப் பார்க்கச் சொன்னார்கள். ‘அஞ்சலை’ நாவலை எழுதியவர், நடுநாட்டுச் சொற்களைத் தேடித்தேடி அகராதியாகத் தொகுத்தவர். படத்தின் பேச்சில் அந்த உழைப்பு தெரிகிறது. காலண்டர் விவகாரத்தில் அவர் மனம் வருந்தி, வாங்கிய 50,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினார் என்பதும் உண்மை. அந்த மண்ணின் நாக்கை மதிக்க முடிந்த குழுவுக்கு அந்த மண்ணின் முகத்தையும் மதிக்க முடிந்திருக்கும். பேச்சுக்கு உள்ளூர்க்காரர் வேண்டும் என்று தோன்றிய இடத்திலேயே நடிப்புக்கும் தோன்றியிருக்கலாம்.

இதற்கு எப்போதும் வரும் பதில் ஒன்று உண்டு: நடிப்பு என்பதே இன்னொருவராக மாறுவதுதானே, குறவர் வேடத்தில் குறவர்தான் நடிக்க வேண்டும் என்றால் நடிப்பு எதற்கு? நியாயமான கேள்வி. பாதை இரண்டு பக்கமும் திறந்திருந்தால் நானும் இதையே சொல்வேன். குறவர் வீட்டுப் பெண் ஒருவர் நாளை வழக்கறிஞராகவும் மருத்துவராகவும் காதல் படத்தின் நாயகியாகவும் நடிப்பார் என்றால், அவருடைய வேடத்தில் யார் நடித்தால் என்ன? இன்று எல்லா வேடமும் ஒருசிலருக்குத் திறந்திருக்கிறது. மற்றவர்களுக்கு அவர்கள் சொந்த வாழ்க்கையின் வேடமும் சாத்தியிருக்கிறது.

அதைத் திறந்தவர்கள் தமிழிலேயே இருக்கிறார்கள். மணிகண்டன் ‘காக்கா முட்டை’க்காகச் சென்னைக் குப்பத்துச் சிறுவர்கள் இருவரைத் தேர்ந்தெடுத்தார், அவர்களுக்குத் தேசிய விருது கிடைத்தது. மாரி செல்வராஜ் ‘பரியேறும் பெருமாளி’ல் தந்தை வேடத்துக்கு நெல்லைப் பக்கத்து நாட்டுப்புறக் கலைஞர் தங்கராசுவை நிறுத்தினார், தெருவில் அவர் அவமானப்பட்டு ஓடும் காட்சி ஒன்று போதும். வினோத்ராஜ் ‘கூழாங்கல்’ எடுத்தபோது மேலூர்ப் பக்கத்துப் பொட்டல் வெயிலில் புதுமுகங்களை நடக்கவைத்தார். 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்று, அந்தப் படம் ஆஸ்கருக்கு இந்தியாவின் பரிந்துரையாகப் போனது. வெற்றிமாறன் ‘விசாரணை’யை எடுத்தபோது, அந்தச் சித்திரவதையை அனுபவித்து ‘லாக்கப்’ எழுதிய ஆட்டோ ஓட்டுநர் சந்திரகுமாரின் பெயர் படத்தோடு உலகமெங்கும் போனது.

ஹாலிவுட்டும் கற்றுக்கொண்டது. 2024இல் வந்த ‘ஷோகன்’ தொடரில் பெரும்பகுதி வசனம் ஜப்பானிய மொழியில்தான். நாயகன் ஹிரோயுகி சனடா தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் உட்கார்ந்து, உடையும் பேச்சும் நடையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். அமெரிக்க ரசிகர்கள் சப்டைட்டில் படித்து ரசித்தார்கள். அந்த ஆண்டு எம்மி விழாவில் 18 விருதுகள். ஒரு தொடரின் ஒரே பருவத்துக்கு அதுவரை யாரும் வாங்காத எண்ணிக்கை. உரியவர்களை உள்ளே விட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

என்ன செய்யலாம்?

நிஜ வாழ்க்கையைப் படமாக்க வருகிற தயாரிப்பாளர், நாவலுக்கு ஒப்பந்தம் போடுவது போல அந்த வாழ்க்கைக்கு உரியவரோடும் எழுத்தில் ஒப்பந்தம் போடட்டும். பணத்தைப் படம் ஓடிய பிறகு நன்கொடையாகத் தராமல், படப்பிடிப்புக்கு முன்பே பங்காகத் தரட்டும். பெயரை மாற்றச் சொல்வதா, வைத்துக்கொள்வதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். சமூகத்தையும் ஊரையும் சட்டக் காரணத்துக்காக மாற்ற வேண்டியிருந்தால், படத்தின் முடிவில் உண்மையைத் தெளிவாக எழுதட்டும். நடிகர் தேர்வைச் சென்னை வடபழனியில் மட்டும் நடத்தாமல், ஜெயங்கொண்டத்திலும் குன்னத்திலும் ஒரு மேசை போட்டு நடத்தட்டும். கூத்தும் பறையும் கைவந்த கலைஞர்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். கேமராவுக்கு முன்னால் நிற்க அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு மாதம் போதும்.

பார்வையாளர்களான நமக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒரு படம் ஏழைகளைப் பற்றி எடுக்கப்பட்டது என்றதும் கைதட்டிவிட்டு எழுந்துவிடுகிறோம். அந்த ஏழைகளில் எத்தனை பேர் அந்தப் படத்தில் சம்பளம் வாங்கினார்கள் என்று கேட்பதில்லை. மோட்டோகோவுக்காகக் கோபப்பட்ட நம் இளைஞர்கள் அந்தக் கோபத்தை நம் ஊர் முகங்களுக்காகவும் படலாம். விமர்சனம் எழுதுகிறவர்கள் ஒளிப்பதிவையும் இசையையும் எடைபோடும் இடத்திலேயே நடிகர் தேர்வையும் எடைபோடலாம். கேட்கிறவர்கள் அதிகமானால் எடுக்கிறவர்கள் மாறுவார்கள். அங்கவை சங்கவை போன்ற ஒரு நகைச்சுவையை இன்று துணிந்து வைக்க இயக்குநர்கள் யோசிக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகள்தான்.

குறவர் வீட்டுப் பிள்ளையும் இருளர் வீட்டுப் பிள்ளையும் தங்கள் தாத்தாவின் கதையைத் திரையில் பார்க்கும்போது, அதில் தங்கள் ஊரும் பெயரும் முகமும் இருக்க வேண்டும். அதைச் சலுகையாகக் கேட்கவில்லை. கதை அவர்களிடமிருந்து வந்தது, அதனால் கேட்கிறோம்.